இலியாஸ் ஏறிய மலை

முடிச்சு அவிழவே இல்லை. மெஹ்ஜபின் தரையில் உட்கார்ந்து, புருஷனின் வலது காலை மடியில் வைத்துக்கொண்டு நகத்தால் கிள்ளிப் பார்த்தாள். பல்லால் கடித்து இழுக்கலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தாள். வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்ட முடிச்சு. மலையிலிருந்து இறங்கும்போது ஷூ கயிறு தளரவே தளராது என்று நேற்றுதான் பெருமையாகச் சொல்லியிருந்தார் இலியாஸ். மலையிலிருந்து இறங்குகிறாராம். அடுத்த தெருப் பள்ளிவாசலுக்கே வண்டியை உதைத்துக் கிளப்புகிற மனுஷன்.

தெருமுனை டாக்டர் வந்து நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போயிருந்தார். மகள் ஷைமா அத்தாவின் கண்களை மூடி, தாடையைத் துணியால் கட்டிவிட்டாள். இனி கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்ட வேண்டும். அதற்கு முதலில் ஷூ கழல வேண்டும்.

"கத்தரி எடுத்துட்டு வரட்டுமாம்மா?"

"எடுத்துட்டு வா. இவரு போட்ட முடிச்ச இவரேதான் வந்து அவுக்கோணும்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. ஷைமா மூலையிலிருந்த தையல் மெஷினுக்கு அடியிலிருந்து பிசிறு வெட்டும் கத்தரியை எடுத்துவந்து கொடுத்தாள். மெஹ்ஜபின் கயிற்றை வெட்டினாள். கழற்றிய ஷூவின் அடிப்பக்கம் கடையில் வாங்கியபோது இருந்த மாதிரியே இருந்தது. மண் பட்டால்தானே தேயும். வாங்கிய நாளிலிருந்து அது இந்த ஹாலை விட்டு வெளியே போனதில்லை. காலையும் மாலையும் சோபாவுக்கும் டிவிக்கும் நடுவில் நடந்துகொண்டிருந்தார். கேட்டால், "ஷூ காலுக்குப் பழகோணும் மெஹ்ஜு" என்பார்.

நீலகிரிப் பக்கம் ஒரு காட்டுவழி. சனிக்கிழமை ஏறி, ஒரு ராத்திரி கூடாரத்தில் தங்கி, ஞாயிற்றுக்கிழமை இறங்கிவிடுவது. திட்டம் அவ்வளவுதான். ஆனால் அதற்கு அவர் பண்ணிய ஆர்ப்பாட்டத்தில் ஒரு கல்யாணத்தையே நடத்தி முடித்திருக்கலாம். முதுகுப்பையைக் காய்கறிக் கடைத் தராசில் வைத்து நிறுத்துவிட்டு வந்தார். எடை கூடுதல் என்று பல் தேய்க்கும் பிரஷ்ஷின் பிடியைப் பாதியாக அறுத்தார். பிரஷ்ஷை அறுக்கிற நேரத்துக்குத் தொப்பையைக் குறைக்கலாமே என்று மெஹ்ஜபின் கேட்டதற்கு, "அது வேற எடை, இது வேற எடை" என்று விளக்கம் சொன்னார். தண்ணீர் பாட்டில்களைப் பைக்குள் அடுக்கிக்கொண்டு மொட்டைமாடிப் படி ஏறிப் பழகினார். பாதிப் படியில் உட்கார்ந்து அடுத்த வீட்டு முருங்கை மரத்தை ரசிப்பதாகப் பாவனை செய்தார்.

எல்லாமே இப்படித்தான். துணி புரோக்கர் வேலையைத் தவிர அவர் தொட்ட எதுவும் முடிந்ததில்லை. கார் ஓட்டப் பழகப் போனார். இரண்டாம் கியரோடு நின்றது. மீன் வளர்த்தார்; மீன்கள்தான் அவரை விட்டுப் போயின. துபாய்க்கு வேலைக்குப் போகிறேன் என்று தெருவே வழியனுப்பக் கிளம்பி, கோயம்புத்தூர் ஏர்போர்ட்டிலிருந்து திரும்பி வந்தார்.

இன்று காலையும் பையை மாட்டிக்கொண்டு ஹாலில் நடந்தார். "மலையேறற மூஞ்சியப் பாரு" என்று சொல்லிவிட்டு மெஹ்ஜபின் டீ வைக்கப் போனாள். டீயோடு திரும்பி வந்தபோது சோபாவில் இருந்தார். முதுகில் பை இருந்ததால் சாய முடியாமல், கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிறவர் மாதிரி முன்னால் குனிந்திருந்தார்.

மதியம் ளுஹர் தொழுகைக்குள் வீடு நிறைந்துவிட்டது. இலியாஸின் அண்ணன் நஸ்ருதீன் காரில் வந்து இறங்கினார். எக்ஸ்போர்ட் கம்பெனி முதலாளி. உடலைச் சுற்றக் கபன் துணி, குளிப்பாட்ட ஆள், சாமியானா என்று செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே போனில் ஏற்பாடு செய்து முடித்திருந்தார். தம்பியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஓரமாகச் சுவரில் சாய்த்திருந்த முதுகுப்பையையும் பார்த்தார்.

"இதத் தூக்கித்தான் செத்தானா?"

"இல்லீங்க பெரிய மச்சான். உக்காந்துட்டுதான் இருந்தாரு" என்றாள் மெஹ்ஜபின்.

"சாயங்காலம் அஸர் தொழுதுட்டு எடுத்தரலாம்" என்று சொல்லிவிட்டு அவர் வாசலுக்குப் போனார்.

குளிப்பாட்டுவதற்குப் பின்கட்டில் திரை கட்டிக்கொண்டிருந்தபோது, அடுப்படியின் பின்வாசலில் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. சுப்பண்ணன். பெருமாநல்லூரில் நிட்டிங் மெஷின்கள் வைத்திருந்தவர். தொழிலை மகனிடம் விட்டுவிட்டு, இலியாஸோடு பேக்கரியில் உட்காருவதையே தொழிலாக வைத்துக்கொண்டவர். இந்த மலைக் கூத்தில் அவர்தான் கூட்டாளி. வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்ற அவரைப் பார்க்க மெஹ்ஜபினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரெண்டு தொப்பையும் சேர்ந்து மலையேறப் பார்த்தது.

"அம்மிணி, மனசு கேக்க மாட்டீங்குது. உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுமுங்க."

"சொல்லுங்கண்ணா."

"நேத்து சாயங்காலம் பாய் போன் பண்ணுனாருங்க. சுப்பண்ணா, நான் வர்லீங்க, மாடி ஏறுனாலே மூச்சு வாங்குது, நெஞ்சு அடைக்குதுன்னாரு. டாக்டர்கிட்டப் போலாம் வாங்கன்னு கூப்பிட்டேன். கேக்கலீங்க. ஊட்டுல மட்டும் சொல்லிறாதீங்க, சனிக்கிழம காலைல ஃபாரஸ்ட்ல பர்மிஷன் கெடைக்கலைன்னு சொல்லிப்போடலாம்னாருங்க."

அடுப்பில் யாரோ வைத்திருந்த தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. மெஹ்ஜபின் அதை அணைத்தாள். ஆச்சரியமாக ஒன்றுமில்லை. சொல்லப்போனால் சிரிப்பு வரப் பார்த்தது. இதையுமா? அப்படியானால் இன்று காலை ஹாலில் நடந்தது? போகாத மலைக்கு ஷூவைப் பழக்கினாராக்கும். அவள் ஒருத்திக்குக் காட்டுவதற்காக. நெஞ்சு அடைத்ததை அவளிடம் சொல்லாமல் இந்த ஆளிடம் போய்ச் சொல்லியிருக்கிறார்.

"வேற யாருகிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்லீங்க."

"முன்னால போயி உக்காருங்க" என்றாள்.

குளிப்பாட்டி, கபனிட்டு, சந்தூக்குப் பெட்டியில் வைத்து ஹாலில் கிடத்தினார்கள். ஆண்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் உள்ளறையில். மெஹ்ஜபின் அறை வாசலில், நிலையைப் பிடித்தபடி நின்றாள். நஸ்ருதீன் பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து, பக்கத்திலிருந்த பள்ளிவாசல் ஜமாஅத் ஆட்களிடம் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். தாழ்ந்த குரல்தான், எல்லோருக்கும் கேட்டது.

"மலையேறப் போறேன்னு எனக்கும் வாட்ஸப்ல அனுப்புனான். கார்ல ஊட்டிக்குப் போனாலே வளைவுக்கு ஒருக்கா வண்டிய நிறுத்தி வாந்தி எடுக்கறவன். ஏர்போர்ட்ல இருந்து போன் பண்றான், அண்ணே, கார் அனுப்புங்க, துபாய் வேண்டாம்னு. இதுவும் அப்பிடித்தான் ஆயிருக்கும். சனிக்கிழம காலைல பாத்தீங்கன்னா காலு சுளுக்கிருக்கும்."

இரண்டு பேர் கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். ஒருவர் இருமலாக மாற்றினார்.

ஒரு வார்த்தை தப்பில்லை. மெஹ்ஜபின் இதையே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள், இவரைவிட நன்றாகவே. ஆனால் அவள் சொன்னதெல்லாம் அந்த மனுஷனோடு குடித்தனம் நடத்திக்கொண்டு சொன்னது. வருஷத்துக்கு ஒருமுறை பெருநாளைக்குப் பிரியாணி தின்ன வருகிறவர், செத்த தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்லக் கேட்டபோது, தன் எச்சில் தட்டில் அவர் கை வைத்தது போல இருந்தது.

"போயிட்டு வந்துட்டாருங்க, பெரிய மச்சான்."

நஸ்ருதீன் திரும்பினார். "எங்கம்மா?"

"மலைக்குங்க. போன மாசம் பொள்ளாச்சில கல்யாணம்னு போனாருல்லீங்களா, அது கல்யாணமில்ல. ஏறி இறங்கிட்டுத்தான் வந்தாரு. சொன்னா சிரிப்பீங்கன்னு யாருகிட்டயும் சொல்லல. இப்பப் போறதா இருந்தது ரெண்டாவது தரம்."

உள்ளறையில் ஷைமா தலையை உயர்த்தி அம்மாவைப் பார்த்தாள். பொள்ளாச்சிக் கல்யாணத்தில் கொடுத்த தாம்பூலப் பை இன்னும் அடுப்படி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. மெஹ்ஜபின் அவள் பக்கம் திரும்பவில்லை.

"இவனா? ஏறுனானா?"

"சுப்பண்ணன் கூடத்தான் போனாரு. கேட்டுப் பாருங்க."

எல்லாத் தலைகளும் சுப்பண்ணன் பக்கம் திரும்பின. அவர் வாய் திறந்தபடி இருந்தார். நிலையருகே நின்றவளைப் பார்த்தார். வேலை தெரியாத ஹெல்பரைப் பார்க்கிற பார்வையை மெஹ்ஜபின் அவர்மீது வைத்திருந்தாள்.

"ஆமாங்க" என்றார். பிறகு, "பாய்தானுங்க முன்னால போனாரு. நான் பின்னால" என்றார். சொன்னதும் உடைந்து, தோள்கள் குலுங்க அழத் தொடங்கினார். அதைப் பார்த்த பிறகு யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நஸ்ருதீன் போனை எடுத்து, எதுவுமில்லாத திரையைத் தேய்த்தார். இருமியவர், "மாஷா அல்லாஹ், இந்த வயசுல" என்றார்.

மெஹ்ஜபின் வெள்ளைத் துணிக்குள் தெரிந்த முகத்தைப் பார்த்தாள். ஒரு வேலையாவது உருப்படியா முடிச்சீங்களா, செத்த பிறகும் நான்தான் வந்து முடிச்சுத் தரோணும் என்று மனசுக்குள் ஏசினாள். அஸர் பாங்கு கேட்டதும் ஆண்கள் எழுந்தார்கள். சந்தூக்கைத் தூக்குகையில் ஷைமா கதறினாள். மெஹ்ஜபின் மகளைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அழுகை வரவில்லை. தூக்கியவர்களில் முன்பக்கத்து இரண்டு பேரும் உயரம் ஒத்துப்போகாமல் தடுமாறியதைப் பார்த்து எரிச்சல்தான் வந்தது.

பொழுது சாய்ந்த பிறகு சுப்பண்ணன் திரும்பி வந்தார். மெஹ்ஜபின் விதவைக்குரிய இத்தாவில் உட்கார்ந்தாகிவிட்டது, இனி வெளி ஆண்கள் பார்க்கக் கூடாது என்று ஷைமா சொன்னதும், அவர் உள்ளறை ஜன்னலுக்கு வெளியே, சந்தில் வந்து நின்றார். நடுவில் திரை தொங்கியது.

"அம்மிணி."

"ம்."

"அடக்கம் பண்ணிட்டு வர்றப்ப எல்லாரும் கேக்கறாங்க. பள்ளிவாசல் ஹஜ்ரத்துகூடக் கேட்டாருங்க. மேல எப்பிடி இருந்துச்சு, என்ன பாத்தீங்கன்னு. நான் பழநிக்கே விஞ்சுல போறவனுங்க. என்னத்தச் சொல்றதுங்க?"

அடுத்த வீட்டுத் தையல் யூனிட்டில் மெஷின்கள் ஓடும் சத்தம் கேட்டது. சாவுக்காக நிறுத்தியிருந்தவர்கள் மறுபடி தொடங்கியிருந்தார்கள்.

"பனின்னு சொல்லுங்க."

"பனிங்களா?"

"ஆமா. மேல போனதும் ஒரே பனி. எதுக்க நிக்கற ஆளே தெரியலைன்னு சொல்லுங்க."

"செரிங்க." அவர் போகவில்லை. "அப்புறம் என்னங்க பண்ணுனோம்?"

"பனி வெலகட்டும்னு உக்காந்திருந்தீங்க."

"வெலகுச்சுங்களா அம்மிணி?"

சுப்பண்ணன் காத்திருந்தார். பிறகு செருப்புச் சத்தம் சந்து வழியாக மெல்ல நகர்ந்தது. மெஹ்ஜபின் திரையின் ஓரத்தை விரலால் விலக்கினாள். தெருவிளக்கின் கீழே நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். சுப்பண்ணன் அவர்கள் நடுவில் போய் நின்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அவருடைய கை மெதுவாக எழுந்து, முகத்துக்கு முன்னால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைந்தது.