நல்ல உடம்பு

பீங்கான் பட்டறையில் வேலை செய்யும் பன்னிரண்டு பேருக்கும் கொக்கிப்புழு என்று ரிசல்ட் வந்ததும் நர்ஸ் இளமதிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஒடம்பு நல்லாத்தானே இருக்குது, எதுக்கு டெஸ்டு?" என்று மல்லுக்கு நின்றவர்களிடம் ஒரு வாரம் நடையாய் நடந்து வாங்கிய மல டப்பாக்கள் அவை. இருந்தாலும், ஒருவர்கூட விடாமலா?

நேராகப் பட்டறைக்கே போய்க் கேட்டாள். வெறுங்காலோடு களிமண் மிதித்துக்கொண்டிருந்த ராஜாம்பாள் தலையைச் சொறிந்தாள்.

"கோவிச்சிக்காதீங்க மேடம். எங்களுக்கு எதனா இருந்து வேலைய வுட்டு நிறுத்திட்டாங்கன்னா? அதான் நல்ல ஆளா பார்த்து, கோதண்டபாணி அண்ணங்கிட்டயே பன்னெண்டு டப்பாவுக்கும் வாங்கிட்டோம்."

தலைவலி மாத்திரைகூடத் தின்றறியாத கோதண்டபாணி, தோளில் மண் மூட்டையோடு அப்படியே நின்றுவிட்டார். "எனக்கா?"

இளமதிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. "நல்லா இருக்கிற ஒடம்புலயும் பூச்சி இருக்கும்னு தொண்டத் தண்ணி வத்தக் கத்தினேனே! இப்பவாவது புரியுதா?"

"புரியுது மேடம்." ராஜாம்பாளின் முகம் மலர்ந்தது. "அண்ணனுக்கு மட்டுந்தான் இருக்குது. எங்க பதினோரு பேருக்கும் ஒண்ணுமில்ல."