ஒலிவ மரத்துக்கு நேர் கீழே

சனிக்கிழமை காலை ஒன்பதரை மணியிருக்கும். புஷ்பவதி பின்வளவில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அப்போது வேலிக்கு மேலால் ஒரு வைக்கோல் தொப்பி நகர்ந்து போவதைக் கண்டாள். தொப்பி கொஞ்சத் தூரம் போனது, நின்றது, வந்த வழியே திரும்பியது. பிறகு மறுபடியும் போனது.

வேறு யாராவது என்றால் கதவைச் சாத்திவிட்டு ஜன்னலால் எட்டிப் பார்த்திருப்பார்கள். புஷ்பவதி அப்படிப்பட்டவள் இல்லை. தெருவில் தீயணைப்பு வண்டி போனால் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே போய், எந்த வீடு, என்ன நடந்தது என்று விசாரித்துவிட்டு வருகிறவள். நியூ லின் பக்கம் பஸ் ஓட்டுகிற வேலை அவளுக்கு. அந்த வேலையில் உள்ள ஒரே கஷ்டம், ஏறுகிற சனம் எங்கே, எதற்காகப் போகிறது என்று கேட்க முடியாமல் இருப்பதுதான் என்பாள்.

"ஆரப்பா அது வேலியடியில?" உள்ளேயிருந்து ஜெயரட்ணம் கேட்டார்.

"தெரியேல்ல. ஒரு வெள்ளைக்கார மனிசி. போனைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறா."

"உள்ள வாரும். கவுன்சில் ஆளாயிருக்கும். அனுமதியில்லாமல் கராஜை அறையாக்கினதைப் பார்க்க வந்திருப்பினம்."

"சனிக்கிழமையில எந்தக் கவுன்சில் வேலை செய்யுது?" என்று சொல்லிக்கொண்டே புஷ்பவதி படலையைத் திறந்தாள்.

தொப்பிக்குக் கீழே இருந்தவளுக்கு அறுபது, அறுபத்திரண்டு வயதிருக்கும். கட்டையான உருவம், வெயிலில் காய்ந்த முகம், தோளில் ஒரு துணிப்பை. புஷ்பவதியைக் கண்டதும் நெஞ்சில் கை வைத்து, "என்கார்னா" என்றாள். பிறகு நிலத்தைக் காட்டினாள். தன்னைக் காட்டினாள். மறுபடி நிலத்தைக் காட்டினாள். "உங்கள் வீடு. என் மரம். கீழே" என்றாள், உடைந்த ஆங்கிலத்தில்.

புஷ்பவதிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் விளங்காத ஒன்று தன் வீட்டு வாசலுக்கே வந்திருக்கிறது என்பதில் மனம் துள்ளியது. "வாங்கோ, உள்ளே வாங்கோ" என்று கையைப் பிடித்துக் கூட்டிவந்துவிட்டாள்.

தேசிக்காய் மரத்தடியில் ஒரு எலுமிச்சம்பழம் விழுந்து கிடந்தது. என்கார்னா அதை எடுத்தாள். கொண்டையிலிருந்து ஒரு ஊசியை உருவி, பழத்தின் ஒரு பக்கத்தால் குத்தி மறுபக்கத்தால் வெளியே எடுத்தாள். ஊசியின் இந்த முனையைத் தொட்டு "எஸ்பான்யா" என்றாள். அந்த முனையைத் தொட்டுவிட்டு, புஷ்பவதியின் கால் நின்ற இடத்தைக் காட்டினாள்.

மீதியைப் போனில் இருந்த மொழிபெயர்ப்புக் குரல் சொன்னது. ஸ்பெயினின் தெற்கே, ஒல்வேரா என்ற ஊருக்குப் பக்கத்தில் அவர்களுக்கு ஒரு ஒலிவந்தோட்டம் இருக்கிறது. தோட்டத்தின் நடுவில், கொள்ளுத்தாத்தா காலத்து மரம் ஒன்று. சின்ன வயதில் அந்த மரத்தடியில் குழி தோண்டி விளையாடும்போது, அப்படியே தோண்டிக்கொண்டு போனால் எங்கே போய் வெளியே வருவோம் என்று அவளும் தம்பி பெர்மினும் சண்டை பிடிப்பார்களாம். நடுக்கடல் என்பான் அவன். இல்லை, ஆட்கள் இருப்பார்கள் என்பாள் இவள். போன வருடம்தான் யாரோ கணக்குப் போட்டுச் சொல்லியிருக்கிறார்கள். கடல் இல்லை, ஊர். ஆக்லாந்தில் சான்ட்ரிங்ஹாம் என்று ஒரு பகுதி. செவில் நகரத்தில் மீன் பொரித்து விற்கிற சின்னச் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் என்கார்னா, அன்றிலிருந்து இந்தப் பயணத்துக்குத் திட்டம் போட்டிருக்கிறாள். சுற்றுலாக் குழு ஒன்றோடு வந்தவளுக்கு ஆக்லாந்தில் கிடைத்தது இந்தச் சனியும் ஞாயிறும் மட்டும். குழுவில் மற்றவர்கள் பக்கத்துத் தீவு ஒன்றுக்குத் திராட்சை ரசம் குடிக்கப் போய்விட்டார்கள்.

"ஆர் இருக்கினம் எண்டு பார்க்கத்தானா இவ்வளவு தூரம் வந்தவ?" ஜெயரட்ணம் நம்பாமல் கேட்டார்.

"நீங்களெண்டா போகமாட்டியளே. நான் போயிருப்பன்" என்றாள் புஷ்பவதி.

மூன்று பேருமாகச் சேர்ந்து, அந்த மரத்துக்கு நேர் எதிரே வரும் புள்ளியைத் தேடத் தொடங்கினார்கள். போனில் நீல நிறத்தில் ஒரு பொட்டு நகரும், அதன் கீழே அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் மாறும். முதலில் உடுப்புக் காயும் கொடிக்கம்பத்தடியில் நின்றது. பிறகு கராஜ் கூரைக்குப் போனது. என்கார்னா பையிலிருந்து இரண்டாவது போனை எடுத்தாள், மகனுடையதாம். ஜெயரட்ணமும் தன்னுடையதைக் கொண்டுவந்தார். சந்தேகப்பட்டு நின்ற மனிதர்தான் இப்போது, "இதுதான் சரியாக் காட்டும், போன மாசம் வாங்கினது" என்று முன்னால் நடந்தார். கடைசியில் மூன்று போனும் ஒரே சொல்லாகச் சொல்லின. புள்ளி இந்த வளவில் இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம், ஒரு இருபது மீட்டர் கிழக்கே.

"இருபது மீட்டர்தானே. இஞ்சயே நிண்டு போட்டோ எடுக்கச் சொல்லும்" என்றார் ஜெயரட்ணம்.

அது மொழிபெயர்ந்து போய்ச் சேர்ந்ததும் என்கார்னா தலையை ஆட்டினாள். இருபதாயிரம் கிலோமீட்டர் வந்துவிட்டு இருபது மீட்டரை விட்டுவிட்டுப் போவதா?

புஷ்பவதிக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் பூங்கோதையின் வீடு. ஈரோட்டுக்காரர்கள். புருஷன் நல்லசாமி கம்ப்யூட்டர் வேலை. இரண்டு வருடத்துக்கு முன் அவர்கள் மாடி வைத்து வீடு கட்டியபோது, சாரம் கட்டுகிறவர்கள் புஷ்பவதியின் பாகற்காய்ப் பந்தலை முறித்துப் போட்டுவிட்டார்கள். புஷ்பவதி வேலிக்கு மேலால் நாலு வார்த்தை சொன்னாள். பூங்கோதை ஐந்தாகத் திருப்பிக் கொடுத்தாள். அன்றோடு பேச்சு நின்றது. குப்பைத்தொட்டி வைக்கிற நாளில்கூட, ஒருத்தி உள்ளே போகும்வரை மற்றவள் வெளியே வருவதில்லை.

புஷ்பவதி என்கார்னாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு வேலியைப் பார்த்தாள். "சரி, வாங்கோ" என்று செருப்பை மாட்டினாள்.

மணியடித்ததும் பூங்கோதைதான் கதவைத் திறந்தாள். கையெல்லாம் தோசை மாவு. எதிரில் நிற்பது யாரென்று கண்டதும் முகம் இறுகிற்று.

"என்னங்க?"

"ஒரு விஷயம். எனக்கில்லை, இவவுக்கு." புஷ்பவதி மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். தேசிக்காய், ஊசி, மரம், புள்ளி எல்லாம். சொல்லச் சொல்ல அவளுக்கே இது பைத்தியக்காரக் கதை போலப் பட்டது. கதவை முகத்தில் அறைந்து சாத்தினாலும் குற்றம் சொல்ல முடியாது என்று நினைத்துக்கொண்டாள்.

பூங்கோதை தன் காலடித் தரையைப் பார்த்தாள். "எங்க வீட்டுக்குக் கீழயா?"

"ஓம். உங்கட வளவுக்குள்ளதான்."

"இதைப் பாக்கறதுக்குன்னு ஸ்பெயின்ல இருந்தா வந்தாங்க?" என்றவள், உள்ளே திரும்பி, "என்னங்க, இங்க வாங்களேன்! நம்ம வீட்டுக்கு நேர் கீழ ஒரு தோட்டம் இருக்காம்!" என்று கத்தினாள்.

புள்ளி வந்து நின்ற இடம் பின்பக்கச் சுவரோரம், மஞ்சள் மூடி போட்ட குப்பைத்தொட்டியின் சக்கரத்தடி. பூங்கோதைக்கு வெட்கமாகிவிட்டது. "ஐயோ, இந்த எடமா?" என்று தொட்டியைத் தள்ளப் போனாள். அதற்குள் என்கார்னாவே அதை உருட்டி அப்பால் வைத்துவிட்டு, சப்பாத்தைக் கழற்றி வெறுங்காலோடு சிமெந்துத் தரையில் நின்றாள். நல்லசாமி என்ன செய்வதென்று தெரியாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். என்கார்னாவின் உதடுகள் அசைந்தன. செபமா, தம்பியைத் திட்டினாளா, தெரியாது. கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் துடைத்துவிட்டுச் சிரித்தாள்.

"ஆட்கள் இருக்கிறார்கள்" என்றாள். "நான் சொன்னேன்."

புஷ்பவதிக்கு ஒரு கேள்வி பிறந்துவிட்டது. அடக்க முடியவில்லை. "யாழ்ப்பாணத்துக்கு நேர் கீழ என்ன எண்டு பார்க்கலாமே?"

என்கார்னா போனில் தட்டினாள். படத்தில் வெறும் நீலம். பசிபிக் கடல். பெரிதாக்கிப் பார்த்தாள், சின்னதாக்கிப் பார்த்தாள். ஒரு தீவுத் துண்டுகூடப் பக்கத்தில் இல்லை.

"ஈரோடு பாருங்க" என்றாள் பூங்கோதை, தோளுக்கு மேலால் எட்டி. அதுவும் நீலம். அதே கடல்.

"எங்களுக்குக் கீழ ஆருமே இல்லையாம்" என்றாள் புஷ்பவதி.

"நமக்கு மீனுதாங்க" என்றாள் பூங்கோதை. இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். சிரித்து முடித்ததும் யார் முகத்தை யார் பார்ப்பது என்று தெரியாமல் ஆளுக்கொரு பக்கம் திரும்பினார்கள்.

மறுநாள் காலைக்கு ஒரு வேலை இருக்கிறது என்றாள் என்கார்னா. இங்கே சூரியன் கிளம்புகிற அதே நேரம்தான் அங்கே அது விழுகிற நேரம். பெர்மின் தோட்டத்து மேட்டில் ஏறி நின்று வீடியோவில் வருவான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரே சூரியனைப் பார்க்க வேண்டும். ஆனால் இந்தச் சுவரடியில் நின்றால் வேலியும் கூரைகளும்தான் தெரியும்.

பூங்கோதை புருஷனைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். "மாடி பால்கனிக்கு வாங்க. இதுக்கு நேர் மேலதான் இருக்கு" என்றாள். பிறகு, புஷ்பவதியின் பக்கம் திரும்பாமலே, "எல்லாரும் வாங்க" என்று சேர்த்தாள்.

அன்று பகலெல்லாம் புஷ்பவதி என்கார்னாவோடு சுற்றினாள். சான்ட்ரிங்ஹாம் ரோட்டில் மசால் தோசை வாங்கிக் கொடுத்தாள். சமையற்காரியான என்கார்னா அதைச் சாப்பிடுவதற்கு முன் பிரித்துப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள், பிறகு எழுந்து போய்ச் சமையலறை வாசலில் நின்று கல்லில் மாவு ஊற்றுவதையும் பார்த்துவிட்டு வந்தாள். பஸ்ஸில் நகரத்துக்குப் போனார்கள். ஓட்டுகிறவள் பயணியாக உட்கார்ந்து போவது புஷ்பவதிக்கும் புதுமையாக இருந்தது. வழியெல்லாம் கேட்டுக்கொண்டே போனாள். செவிலில் எத்தனை மணிக்குச் சாப்பிடுவீர்கள்? பத்து மணிக்கு. இரவு பத்துக்கா? ஓம், அதற்குப் பிறகுதான் தெருவில் சனம் கூடும். தெருவெல்லாம் ஆரஞ்சுத் தோடை மரங்கள் நிற்கும், பழம் காய்த்துத் தொங்கும், ஆனால் யாரும் பிடுங்கிச் சாப்பிடமாட்டார்கள், கசக்கும். அப்படியானால் ஏன் வளர்க்கிறீர்கள்? பூக்கும்போது ஊரே மணக்கும், அதற்காக.

துறைமுகத்தருகே நடக்கும்போது என்கார்னா சட்டென்று நின்றாள். தன் நிழலைப் பார்த்தாள்.

"பிழையான பக்கம் விழுகிறது" என்றாள். நடுப்பகலில் தன் ஊரில் நிழல் வடக்கே விழும், இங்கே தெற்கே விழுகிறது. சூரியன் வடக்குப் பக்கமாகப் போகிறது.

புஷ்பவதி இந்த ஊருக்கு வந்து இருபத்திரண்டு வருடம். ஒருநாளும் இதைக் கவனித்ததில்லை. பாதையோரத்தில் நின்று, கையை நீட்டி மடக்கி, தன் நிழலைத் தானே சோதித்துப் பார்த்தாள். போகிறவர்கள் விலகிப் போனார்கள்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஐந்து பேரும் பால்கனியில் நின்றார்கள். மார்ச் மாதத்துக் குளிர் லேசாக இருந்தது. ஜெயரட்ணம் குல்லா போட்டுக்கொண்டு வந்திருந்தார். பூங்கோதை எல்லாருக்கும் காபி கொண்டுவந்தாள். மவுண்ட் ஈடனுக்கும் ஒன் ட்ரீ ஹில்லுக்கும் நடுவே வானம் வெளுத்துக்கொண்டிருந்தது.

போன் அடித்தது. பெர்மின் தனியாக நிற்கவில்லை. பின்னால் முப்பது பேராவது இருந்தார்கள். கிழவர்கள், கைக்குழந்தையோடு பெண்கள், ஒரு நாய். அக்கா உலகத்தின் அடியில் நிற்கிறாள் என்ற செய்தி ஊருக்குள் பரவி, மாலையில் எல்லாரும் மேட்டுக்கு ஏறிவிட்டார்களாம். அவர்களுக்குப் பின்னால் சாம்பல் பச்சையாக ஒலிவ மரங்கள், வரிசை வரிசையாக.

"கடல் எங்கே?" என்று தம்பி கேட்டான்.

என்கார்னா போனைத் திருப்பி ஒவ்வொருவர் முகமாகக் காட்டினாள். நல்லசாமி தலை சீவாமல் வந்துவிட்டதை அப்போதுதான் உணர்ந்து கையால் தடவினார். அந்தப் பக்கம் எல்லாரும் கை காட்டினார்கள். இந்தப் பக்கமும் காட்டினார்கள்.

ஏழு இருபதைத் தாண்டியதும் கூரைகளுக்கு மேலே ஒரு சிவப்பு விளிம்பு எட்டிப் பார்த்தது. அதே நேரம் போனில், மலைக்கு மேலே முக்கால் சூரியன் நின்றது. இங்கே ஏறுவதும் அங்கே இறங்குவதும் ஒன்றுதான் என்பது புஷ்பவதிக்கு அறிவால் தெரியும், நேற்று தேசிக்காயை வைத்துப் படித்ததுதான். ஆனாலும் போனை ஒரு தரமும் வானத்தை ஒரு தரமுமாக மாறி மாறிப் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது. இரண்டு மூன்று நிமிடம் இரண்டு ஊருக்கும் சூரியன் இருந்தது. பிறகு அங்கே முகங்கள் மங்கத் தொடங்கின. இங்கே எல்லார் முகத்திலும் மஞ்சள் வெளிச்சம் விழுந்தது.

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சின்னப்பெண் முண்டியடித்து முன்னால் வந்து ஏதோ கேட்டாள். கூட்டம் சிரித்தது. என்கார்னாவும் சிரித்துக்கொண்டே புஷ்பவதியிடம் திருப்பிச் சொன்னாள். அவர்களுக்கு இன்னும் சனிக்கிழமையாம். உங்களுக்குத்தான் ஞாயிறு வந்துவிட்டதே, நாளை எப்படி இருக்கிறது என்று கேட்கிறாள்.

புஷ்பவதி யோசித்தாள். பொய் சொல்லக் கூடாது. கீழே தெருவைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள்.

"இதுவரைக்கும் நல்லாத்தான் இருக்கு எண்டு சொல்லுங்கோ. வெயில் வந்திட்டுது. கொஞ்சம் காத்து."

ஒன்பது மணிக்கு என்கார்னாவை ஏற்றிக்கொண்டு டாக்ஸி போனது. விமான நிலையத்துக்குப் போய்க் குழுவோடு சேரவேண்டும். போகுமுன் இரண்டு பெண்களையும் எலும்பு நோகக் கட்டிப்பிடித்தாள். செவிலுக்கு வந்தால் பத்து மணிக்கு முன் பசிக்கிறது என்று சொல்லக் கூடாது என்று எச்சரித்தாள். டாக்ஸி முனை திரும்பும்வரை நான்கு பேரும் தெருவில் நின்றார்கள்.

ஜெயரட்ணமும் நல்லசாமியும் எந்தப் போன் சரியாகக் காட்டியது என்று வாதாடத் தொடங்கிவிட்டார்கள். புஷ்பவதி தன் படலைப் பக்கம் இரண்டடி வைத்தாள்.

"இன்னொரு காபி போடறேன், குடிச்சிட்டுப் போங்க" என்றாள் பூங்கோதை. பிறகு, "அன்னிக்கு அந்தப் பந்தலை நானே வந்து பாத்திருக்கணும். வீடு கட்டற டென்ஷன்ல அப்படிப் பேசிட்டேன்" என்றாள்.

"நானும் கூடத்தான் கதைச்சனான்" என்றாள் புஷ்பவதி.

மறுபடி மாடிப்படி ஏறும்போது புஷ்பவதி நடு வழியில் நின்றாள். வலது கைப்பக்கம் ஒரு கதவு, பச்சை வர்ணம் அடித்தது, சாத்தியிருந்தது. காலையில் போகும்போதே கண்ணில் பட்டிருந்தது, விருந்தாளி இருந்ததால் கேட்கவில்லை.

"குறை நினைக்காதேங்கோ" என்றாள். "இந்த அறைக்குள்ள என்ன இருக்கு?"

பூங்கோதை சிரித்துக்கொண்டே கைப்பிடியைத் திருகினாள்.