பாண்டுரங்கனுக்கு ஒரு படம்

ஆறு வருஷம் ஞாயிறு தவறாமல் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றிய பாண்டுரங்கன் செத்துப்போனபோது, மாட்டுவதற்கு அவன் படம் ஒன்று வீட்டில் இல்லை.

தெருமுனை அஞ்சலி பேனருக்கு ஆதார் அட்டையில் இருந்ததைப் பெரிதாக்கிப் போட்டார்கள். அதில் அவன் எப்போதோ செத்துப்போனவன் மாதிரி இருந்தான். அவன் மனைவி கிருஷ்ணவேணி அந்த பேனரை ஒரே ஒரு தடவை பார்த்தாள்.

"இந்த மூஞ்சிய நான் வூட்டுல மாட்ட மாட்டேன் தம்பி. முப்பதாம் நாள் படத்தெறப்புக்குள்ள வேற படம் கொண்டா" என்று கொழுந்தன் ரஞ்சித்திடம் சொல்லிவிட்டாள்.

ரஞ்சித் தேடினான். கல்யாண ஆல்பம் பதினேழு வருஷத்துப் பழசு. அதில் அண்ணனுக்குத் தலை நிறைய முடி, அடர்ந்த மீசை. மகள் கலைப்பிரியாவே அதை யாரோ என்றுதான் சொன்னாள். அவளுக்குத் தெரிந்த அப்பா வழுக்கை. முன்மண்டையில் முடி கொட்டத் தொடங்கியதும் பாண்டுரங்கன் மீதியையும் மழித்துவிட்டான். மீசையையும் எடுத்துவிட்டான். கேட்டால், ஒரே பிளேடில் வேலை முடிகிறது என்பான். கலைப்பிரியாவின் போனில் இரண்டு படம் இருந்தன. ஒன்றில் பந்தியில் உட்கார்ந்து வாயைப் பிளந்துகொண்டு சாப்பிடுகிறான். இன்னொன்றில் முதுகு மட்டும் தெரிகிறது. அவனுடைய போனிலும் கேமராவிலும் கொக்கு, கதவு, கோபுரம், மழை மேகம். மனைவியும் மகளும் சில இடங்களில். அவன் எங்கேயும் இல்லை.

மோட்டார் காயில் கட்டும் தன் கடையிலேயே மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த பாண்டுரங்கன் எழுந்திருக்கவில்லை. ஆண்பிள்ளை இல்லாததால் ரஞ்சித்தான் மொட்டையடித்துக் கொள்ளி வைத்தான். பதினாறாம் நாள் கருமாதிக்கு மறுபடியும் தலையையும் மீசையையும் மழித்தார்கள். அவன் அழவில்லை. அழுகை வரவில்லையே என்றும் தோன்றவில்லை. வேலை சொன்னால் செய்தான், சோறு போட்டால் தின்றான்.

அண்ணனுடைய படக்காரக் கூட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் கேட்டுப் பார்த்தான். தேடிப் பார்க்கிறோம் என்று மூன்று பேர் கும்பிடு போட்டார்கள். குழுவை நடத்தும் தேவசகாயம் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை வேனில் வரச் சொன்னார். எல்லாரும் ஹார்ட் டிஸ்க் கொண்டு வருவார்களாம், உட்கார்ந்து தேடலாமாம். அண்ணனுடைய சீட்டு காலியாகத்தான் இருக்கிறது என்றார்.

கருமாதி முடிந்த மூன்றாம் நாள் அது. காலை ஐந்தரைக்கு விழுப்புரத்தில் வேன் ஏறினான். கிருஷ்ணவேணி அண்ணனின் கேமராவையும் கொடுத்தனுப்பியிருந்தாள். வீட்டில் அது கண்ணில் படக்கூடாதாம்.

வேனுக்குள் மூன்று பேர்தான். கலர் லேப் வைத்திருந்து மூடிவிட்ட தேவசகாயம். கோட்டக்குப்பத்து முஜிபுர் ரஹ்மான், துபாயிலிருந்து திரும்பி வந்தவர், பறவைகளை மட்டும் எடுப்பவர். திண்டிவனத்தில் கல்லூரி வேலை பார்க்கும் இளவரசி. அவனைப் பார்த்ததும் மூவரும் ஒரு கணம் பேச்சை நிறுத்தினார்கள். எதற்கு என்று அவனுக்கு அப்போது புரியவில்லை.

திருவாமாத்தூரில் வேனைவிட்டு இறங்குவதற்குள் படம் கிடைக்காது என்று தெரிந்துவிட்டது. மடிக்கணினியில் ஆறு வருஷத்து ஞாயிறுகளும் வரிசையாக ஓடின. எதிலும் ஆளே இல்லை. காரணத்தை தேவசகாயம் சொன்னார். கூட்டத்தில் ஒரு சட்டம் இருந்தது. பயணம் முடிந்ததும் திண்டிவனம் டீக்கடையில் உட்கார்ந்து, ஆளுக்கு ஐந்து படம் மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அங்கேயே எல்லார் முன்னாலும் அழிக்க வேண்டும். அதற்குக் கழிப்பு என்று பெயர். ஃபிலிம் ரோலில் முப்பத்தாறு படத்துக்கு மேல் எடுக்க முடியாத காலத்திலிருந்து வந்த தேவசகாயமே போட்ட சட்டம். கழிப்பில் முதலில் போவது குறுக்கே நம் ஆள் வந்துவிட்ட படங்கள்.

"ஒங்க அண்ணன்தான் இதுல கில்லாடி. நாங்கனா அஞ்ச வெச்சிக்குவோம். அவரு ரெண்டோட நிறுத்திக்குவாரு" என்றார் முஜிபுர். சிரிக்க வேண்டிய பேச்சு. யாரும் சிரிக்கவில்லை.

திருவாமாத்தூரில் இறங்கி எடுத்தார்கள். ரஞ்சித் கோபுரத்துக்கு எதிரே சும்மா நின்றான். பின்னாலிருந்து தேவசகாயம், "ஃபிரேம்!" என்று குரல் கொடுத்தார். அவன் நகரவில்லை. ஒதுங்கச் சொல்லும் குரல் அது என்று தெரியாது. இளவரசி வந்து கையைப் பிடித்து ஓரமாக நிறுத்தினாள். ஆறு வருஷம் அண்ணன் இப்படித்தான் ஒதுங்கியிருப்பான் போலும். ரஞ்சித்தும் கேமராவைத் தூக்கி ஒரு நாயை எடுத்தான். நாய் கலங்கலாக விழுந்தது.

எட்டரை மணிக்கு செஞ்சி. ராணிக்கோட்டை மலையில் பாதி ஏறியதும் எதிரே ராஜகிரி முழுதாகத் தெரிந்தது. மற்ற இரண்டு பேரும் மேலே போய்விட்டார்கள். இளவரசி நின்றாள். மூச்சு வாங்கிக்கொண்டு போனில் ஒரு படத்தைக் காட்டினாள். காலை வெயிலில் ராஜகிரி, முன்னால் ஒரு உருண்டைப் பாறை. போன வருஷம் யாரோ காலண்டரில் போட்ட படமாம்.

"பாறைக்கு கீழப் பாரு" என்றாள்.

பாறைக்குப் பக்கத்துத் தரையில் ஒரு நிழல் விழுந்திருந்தது. உட்கார்ந்திருக்கும் ஆளின் நிழல். பாறைமேல் ஆளில்லை.

கழிப்பில் அந்தப் படத்தை அழிக்க அவளுக்கு மனசு வரவில்லையாம். வெளிச்சம் அப்படி விழுந்திருந்தது. பாண்டுரங்கன்தான் அவள் போனை வாங்கி, தன் உருவத்தின்மேல் விரலால் தேய்த்து, தன்னை அழித்துக் கொடுத்தானாம். நான் எதுக்கு, கோட்டை நல்லா இருக்குது என்றானாம். நிழலை அவனும் கவனிக்கவில்லை, அவளும் கவனிக்கவில்லை. அழிக்காத மூலப்படம் அன்றைக்கே போய்விட்டது.

"அவரு செத்த சேதி வந்தப்பறம்தான் இத பாத்தேன்" என்றாள்.

ரஞ்சித் நிழலைப் பார்த்தான். அதற்கு மாலை போட முடியாது என்றுதான் முதலில் தோன்றியது. எப்படி உட்கார்ந்திருந்தான் என்று கேட்டான். அவள் சொன்னாள். அவன் போய் அதே பாறைமேல் ஒரு காலை மடக்கி ஒரு காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தான். வெயில் நேராகக் கண்ணில் அடித்தது. கண்ணைச் சுருக்கினான். அவள் எடுத்தாள். எடுத்துவிட்டுக் கேமராவின் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இங்க வா" என்றாள்.

திரையில் பாண்டுரங்கன் உட்கார்ந்திருந்தான். மழித்த மண்டை, மீசையில்லாத மேலுதடு, சுருங்கிய கண். அண்ணனுக்காக அடித்த மொட்டை அவனை அண்ணனாக்கியிருந்தது. வேனில் மூன்று பேரும் ஏன் வாயடைத்துப் போனார்கள் என்று இப்போது புரிந்தது.

அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. இன்னும் கிட்ட வந்து, மார்பளவில் நாலைந்து படம் எடுத்தாள். அவன் உட்கார்ந்து கொடுத்தான்.

மதியம் மேல்சித்தாமூர் சமணர் கோவில். தீர்த்தங்கரர்கள் எல்லாருக்கும் ஒரே முகம். எவர் யார் என்று எப்படித் தெரியும் என்று ரஞ்சித் கேட்டான். பீடத்தில் ஆளுக்கொரு அடையாளம் செதுக்கியிருக்கும், காளை, யானை, சிங்கம் என்று, அதைப் பார்த்துத்தான் சொல்வார்கள் என்றாள் இளவரசி. நல்ல ஏற்பாடு என்று நினைத்துக்கொண்டான்.

நாலு மணிக்கு திண்டிவனம் டீக்கடை. அவித்த மல்லாட்டை ஒரு பொட்டலம் வாங்கி நடுவில் வைத்தார்கள். கழிப்பு ஆரம்பமானது. ஒவ்வொருவராகத் திரையைக் காட்டி அழித்துக்கொண்டு வந்தார்கள். ரஞ்சித் தன் நாயை அழித்தான். இளவரசி நான்கு படங்களை ஒதுக்கிவிட்டு ஐந்தாவதாக அவன் படத்தை வைத்தாள். தேவசகாயம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார்.

"இது போதும்பா. யாருக்கு தெரியப்போவுது" என்றார்.

முஜிபுர் கடலைத் தோலைக் கீழே போட்டார். "வேணாம் தம்பி. உசுரோட கீறவன் மூஞ்சிக்கு மால போடுவாங்களா? எங்க ஜனம் படமே மாட்டாது, எனக்கு ஒங்க மொற தெரியாது. இருந்தாலும் சொல்றேன், வேணாம்."

"அப்ப ஆதார் படத்த மாட்டச் சொல்றீங்களா பாய்?" என்றாள் இளவரசி.

"நெஜமா அது அவரு மூஞ்சி."

"அத அந்தம்மா வேணாங்கறாங்க."

ரஞ்சித் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அவர்கள் வேறு யாரைப் பற்றியோ சண்டை போடுவது மாதிரி இருந்தது. அந்த நேரம் பார்த்து கிருஷ்ணவேணி கூப்பிட்டாள். காலையிலிருந்து மூன்றாவது தடவை. இரண்டு தடவை அவன் எடுக்கவில்லை.

"கெடச்சுதா தம்பி?"

இல்லை என்று சொன்னால் அவள் சரி என்பாள். அப்புறம் வேறு வழியில்லாமல் பேனரில் இருப்பதுதான் சுவரில் தொங்கும். கலைப்பிரியா தினமும் அதைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போக வேண்டும். இன்னும் கொஞ்ச நாள் போனால் அவளுக்கு அதுதான் அப்பா முகம்.

"கெடச்சுது அண்ணி" என்றான்.

முஜிபுர் எழுந்துபோய்க் கை கழுவினார். இளவரசி மற்றப் படங்களை அழித்தாள்.

புதன்கிழமை படம் சட்டம் போட்டு வந்தது. ரஞ்சித் கொண்டுவந்து கட்டில்மேல் வைத்துக் காகிதத்தைப் பிரித்தான். கிருஷ்ணவேணி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து குனிந்து பார்த்தாள். முகம் ஒரு கணம் தளர்ந்தது. அந்த ஒரு கணம் அவள் புருஷனைத்தான் பார்த்தாள். அது அவனுக்கு நிச்சயம். அதற்குப் பிறகு அவள் பார்வை கீழே இறங்கிச் சட்டைக் காலரில் நின்றது.

"இந்த நீலக் கட்டம் போட்ட சட்ட, தீபாளிக்கு நான் ஒனக்கு எடுத்துக் குடுத்தது" என்றாள்.

"ஆமா அண்ணி."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தான். கட்டிலில் உட்கார்ந்தாள். படத்தைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். கண்ணாடியில் பட்டிருந்த ஈரத்தைத் துடைத்தாள்.

"வெயில்ல அவருக்கும் கண்ணு இப்பிடித்தான் சுருங்கும்." படத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, "வேற ஒண்ணும் இல்லியா?" என்றாள்.

நிழல் இருந்தது. அதை அவன் சொல்லவில்லை. "இல்ல அண்ணி" என்றான்.

"செரி. மாட்டு. மால மட்டும் போட வாணாம். உசுரோட கீற புள்ளைக்கு போடக் கூடாது."

முப்பதாம் நாள் தெருவில் பந்தல் போட்டு முப்பது நாற்காலி போட்டார்கள். தேவசகாயம்தான் திரையை விலக்கினார். நாலு வார்த்தை பேசினார், நல்ல கண்ணுள்ள மனுஷன் என்றார். முஜிபுர் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். மயிலத்திலிருந்து வந்த பெரியப்பா பச்சைமுத்து படத்துக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார்.

"பாண்டு அப்பிடியே உக்காந்துகினு இருக்கறான். எங்கடா எடுத்தது?"

"செஞ்சில" என்றான் ரஞ்சித். அது பொய் இல்லை.

"மால எங்க?"

"பூக்காரன் வரல" என்றாள் கிருஷ்ணவேணி.

வந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்ப் படத்தைக் கும்பிட்டார்கள். சிலர் அழுதார்கள். பதினைந்தடி தள்ளி நின்று ரஞ்சித் தன் முகத்துக்கு முன்னால் நடப்பதையெல்லாம் பார்த்தான். ஒரு கிழவி அவன் கையைப் பிடித்து, அண்ணன் சாயல் உனக்குத் துளிகூட இல்லை என்று சொல்லிவிட்டுப் போனாள். மண்டையில் இரண்டு வாரத்து முடி கறுப்பாக முளைத்திருந்தது. மீசையும் வந்திருந்தது.

கலைப்பிரியா எப்போது பக்கத்தில் வந்து நின்றாள் என்று தெரியவில்லை. படத்தைப் பார்த்தாள். அவன் தலையைப் பார்த்தாள். அம்மா சொல்லியிருக்க மாட்டாள்.

"இனிமே மொட்ட அடிக்காத சித்தப்பா" என்றாள் மெதுவாக.

"செரி" என்றான்.

பந்தி போட்டாயிற்று என்று யாரோ கூப்பிட்டார்கள். தண்ணீர் வைக்க ஆள் பற்றவில்லை. அவன் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனான்.