நீலாவதி சொல்ல வேண்டிய வார்த்தை

1.
இந்தக் கதை எப்படி வந்தது என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். எதையும் வரிசையாகச் சொல்லித்தான் எனக்குப் பழக்கம். 2005 சித்திரையில் விருத்தாசலத்துச் சபையில் ஒரு பிரசங்கம். இயேசு போதித்தபோது முந்தைய பெரியவர்கள் யார் சொல்லையும் துணைக்கு அழைக்காமல் தம் சொல்லாகவே சொன்னார், ஒருவனைப் பிடித்திருந்த அசுத்த ஆவியும் ஒரே அதட்டலில் அடங்கிற்று என்றார் போதகர். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். எனக்குப் பயம் வந்தது. அந்த அதட்டலை வேறொருவர் இரவல் வாங்கினால்?

2.
முதல் தொடக்கம்: "பீங்கான் பட்டறையில் பேய் புகுந்த அன்று இடியும் மழையும்..."

வேண்டாம். வெறும் வெயில்தான்.

நீலாவதி அந்தப் பட்டறையில் பொம்மை அச்சுகளில் பீங்கான் கூழ் ஊற்றுகிறவள். ஞாயிற்றுக்கிழமைகளில் சபைப் பிள்ளைகளுக்கு இயேசு கதை சொல்கிறவள். கூட வேலை செய்யும் ஆதிலட்சுமி, உச்சிப்பொழுதில் பொம்மைகளைத் தள்ளி உடைத்து, தரையில் விழுந்து, ஆண்குரலில் உறுமினாள். அவள் புருஷன் சாமிதுரைக்கு ஆள் போயிற்று. வந்தவன் சட்டி நிறையத் தணலும் மடி நிறைய மிளகாயும் கொண்டுவந்து கதவைச் சாத்தினான். அவள் முகத்தைப் புகையில் அழுத்திப் பிடித்தால் பேய் இறங்கிவிடுமாம்.

"யக்கா, ஒரே அதட்டுல ஓடிப்புடுச்சின்னு புள்ளைங்களுக்குச் சொல்லுவியே. இப்ப அதட்டேன்" என்றாள் பக்கத்தில் நின்ற பூங்கோதை.

"அதட்டுனது அவருடி. நான் கூழு ஊத்துறவ."

"பாடமெல்லாம் சின்னப் புள்ளைங்க கிட்டதான் செல்லும் போல" என்று சாமிதுரை சிரித்தான். "நவுருங்க."

(ஆஸ்பத்திரி இல்லையா என்பீர்கள். இருக்கிறது. ஆட்டோவைக்கூட வரவழைத்து எழுதிப் பார்த்தேன். கதவைத் திறக்க அவன் விடவில்லை.)

3.
"நீலாவதி கையை உயர்த்தினாள், அறையெங்கும் ஒளி..." அடித்துவிட்டேன்.

"நீலாவதி மெல்ல விலகி..." இதையும் அடித்தேன். ஆனால் நானாக இருந்தால் இதைத்தான் செய்திருப்பேன்.

கடைசியில் நின்றது இது. அவள் தொடங்கினாள்: "இயேசு பேரால..."

ஆதிலட்சுமி தலையைத் தூக்கினாள். "அவரத் தெரியும். நீ யாருடி?"

நீலாவதி போய்ச் சட்டிக்கும் ஆதிலட்சுமிக்கும் நடுவில் உட்கார்ந்தாள். அதற்குள் சாமிதுரை மிளகாயைத் தணலில் கொட்டிவிட்டான்.

"தம்பி, சட்டிய வெளிய எடுத்துக்கினு போ."

சாமிதுரை நீலாவதியின் முகத்தருகே குனிந்தான். "சொல்றதுக்கு நீ யாரு?"

4.
ஒரே கேள்வி, இரண்டு வாய். ஒன்று முதுகுக்குப் பின்னால், ஒன்று முகத்துக்கு நேரே. எந்த வாயில் இருந்து பேய் பேசுகிறது? இயேசு அங்கே நின்றிருந்தால் ஆளையும் ஆளைப் பிடித்ததையும் ஒரு பார்வையில் பிரித்திருப்பார். எனக்கு அந்த அதிகாரம் இல்லை. கையில் பேனா இருப்பதால் வந்துவிடாது.

நீலாவதி வாயைத் திறந்துவிட்டாள். "நான் யாருமில்ல. அவரு பேரால சொல்றேன். நீ..."

எந்தப் பக்கம் திரும்பிச் சொல்கிறாள் என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும். சீக்கிரம், மிளகாய் கருகுகிறது. எழுதப் போகும்போது அது உங்களையும் நிமிர்ந்து பார்த்து, நீ யார் என்று கேட்கும். பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் இல்லை.