லாவண்யா பெயரில் ஒரு கடை

வேலூரில் ஓர் ஆடிட்டரிடம் லாவண்யா சில வருடங்கள் வேலை பார்த்தாள். ஊரார் கணக்கையெல்லாம் விதிப்படி தாக்கல் செய்வதைவிட, அந்த விதியை ஏன் அப்படி வைத்தார்கள் என்று கேட்பதுதான் அவளுக்குப் பிடித்திருந்தது. அப்படிக் கேட்பதற்கே சம்பளம் தருகிற ஒரு நிறுவனம் சென்னையில் இருப்பது தெரிந்ததும் அங்கே போய்ச் சேர்ந்தாள். அரசுக்கும் வணிகர் சங்கங்களுக்கும் வரிக் கொள்கையில் ஆலோசனை சொல்லும் சின்ன நிறுவனம் அது.

2006இல், விற்பனை வரிக்குப் பதிலாக வாட் எனும் மதிப்புக் கூட்டு வரி வரப்போகிறது என்ற பேச்சு வலுத்தது. சிறு வணிகர்களுக்கான சலுகையை எப்படி அமைக்கலாம் என்று ஆராயும் வேலை லாவண்யாவுக்கு வந்தது. பெரிய கடைக்காரர்கள் குடும்பத்தார் பெயர்களில் கடையைப் பிரித்து, விற்பனையைக் குறைத்துக் காட்டிச் சலுகை வாங்குவதை அவள் கண்டுபிடித்தாள். ஒரே இடத்தில் ஒரே குடும்பம் நடத்தும் கடைகளை ஒன்றாகவே கணக்கிட வேண்டும் என்று உற்சாகமாக எழுதி முடித்தாள்.

மதியம் சாப்பிடும்போதுதான் அது நினைவுக்கு வந்தது. ஆரணியில் அப்பா அருணகிரியின் பட்டு நூல் கடையும் மூன்று பெயர்களில்தான் இருந்தது. அதில் ஒன்று அவள் பெயர். கல்லூரி நாட்களில் அப்பா நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

நேராக மேலாளர் கமலக்கண்ணனிடம் போய்ச் சொன்னாள்.

அவர் அறிக்கையை வாங்கிப் புரட்டினார். "அந்தப் பகுதியை வேற ஒருத்தர் சரிபார்க்கட்டும். உங்க பேர்ல இருக்கறதை முடிச்சுட்டு வாங்க. ஆரணியில வணிகர் கூட்டம் இருக்கு, அதுக்கு நீங்கதான் போகணும்."

ஆரணிக்குப் போய்த் தன் பெயரைக் கடையிலிருந்து நீக்கச் சொன்னபோது அப்பா கத்தவில்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

"ஊர்ல யாரும்மா இப்படிப் பண்ணாம இருக்கறாங்க?"

"பெரிய கடைங்க எல்லாம் சின்ன கடைனு காட்டிகினு இருந்தா, ஒரு நாள் அந்தச் சலுகையையே எடுத்துடுவாங்கப்பா. நெசமாவே சின்னதா நடத்தறவங்க எங்க போவாங்க?"

அவர் சாவியை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பினார். மறுநாள் அவள் பெயரை நீக்கும் மனுவில் கையெழுத்திட்டார்.

அடுத்த வாரம் கல்யாண மண்டபத்தில் கூட்டம் நடந்தது. லாவண்யா பேசி முடித்ததும் கூச்சல் எழுந்தது. அது அடங்கியபோது மூன்றாவது வரிசையில் அருணகிரி எழுந்து நின்றார்.

"மேடம், ஒரு சந்தேகங்க. பாகம் பிரிச்சுகினு அண்ணன் தம்பி ரெண்டு பேரு ஒரே கட்டடத்துல தனித்தனியா தொழில் பண்றாங்க. சரக்கும் தனி, லாபமும் தனி. அவங்களையும் ஒண்ணா சேத்துடுவீங்களா?"

மண்டபமே அவளைப் பார்த்தது.

"அவங்களைச் சேத்தா நியாயமில்லீங்க. அதுக்கு நாங்க வழி எழுதல. எழுதறோம்" என்றாள்.

பேருந்து நிலையம்வரை அப்பா உடன் வந்தார்.

"நீ சொன்னதை நான் இன்னும் ஒத்துக்கல."

"ஒத்துக்க வேணாம்ப்பா. கேட்டீங்களே, அதுவே போதும்."

வண்டி ஆரணியைத் தாண்டும்போது, தனித்தனியாக முதல் போட்டு நடத்தும் சகோதரர்களுக்கு விலக்கு தர வேண்டும் என்ற பத்தியை அவள் மனதுக்குள் எழுதத் தொடங்கியிருந்தாள். அறிக்கையில் கடைசிவரை யாரும் திருத்தாத பத்தி அதுதான். அடுத்த ஆய்வின் முழுப் பொறுப்பையும் கமலக்கண்ணன் அவளிடமே கொடுத்தார்.