தெளிந்த தண்ணீரில் பட்டினி

கரண்டி இரண்டு நாளாக மேலே வரவில்லை. கண்ணாடித் தொட்டியின் அடியில், வாயை அகலத் திறந்தபடி ஊர்ந்துகொண்டிருந்தது. மூக்கு நுனி கண்ணாடியில் இடித்து இடித்துச் சிவந்திருந்தது.

கரண்டி என்பது மீன், கண்ணுகளா. முகத்துக்கு முன்னால் கரண்டிக் காம்பை ஒட்டவைத்த மாதிரி நீண்ட தட்டை மூக்கு. அதனால் வீட்டுக்காரி வைத்த பெயர் அது. அவள் தையல்காரி. பெரிய ஆறுகளில் ஆள் உயரம் வளரும் மீனாம். கடையில் வாங்கியபோது விரல் நீளம்தான். இப்போது முழங்கையைத் தாண்டி வளர்ந்து, ஆறடித் தொட்டியில் திரும்பவே திணறியது.

அவள் புருஷனுக்குக் குடிநீர் நிலையத்தில் வேலை. கலங்கல் என்றால் அவருக்கு ஜென்மப் பகை. காலையில் எழுந்ததும் தொட்டித் தண்ணீரைத் தம்ளரில் மொண்டு, வெள்ளைத் தாளுக்கு முன்னால் பிடித்துப் பார்ப்பார். கரண்டி இளைக்க இளைக்க, அவர் தண்ணீரை இன்னும் சுத்தமாக்கினார். மூன்று வடிகட்டி போதாதென்று நான்காவதும் வந்தது.

"ஏங்க, அது தீனியைத் தொடவே மாட்டேங்குது."

"தண்ணியில என்னமோ கோளாறு. சுத்தமா இருந்தா சாப்பிடும்."

"இதுக்கு மேல சுத்தம்னா மீனையும் எடுத்துட வேண்டியதுதான்."

அன்று மதியம், கால்சட்டை இடுப்பைப் பிரித்துத் தைத்துக்கொள்ள அவள் தம்பி வந்தான். ஊருக்கு வெளியே குட்டைகளில் மீன் வளர்ப்பவன். தொட்டியைப் பார்த்ததும் கால்சட்டையை மறந்துவிட்டான்.

"மாமா, இதுக்கு என்ன போடுறீங்க?"

"குருணைத் தீனி. உசத்தியானது, மாப்ளே."

"இது கொத்தித் தின்னுற மீன் இல்ல. வாயைத் திறந்துகிட்டே நீந்தும். தண்ணி செவுள் வழியா வெளிய போயிடும், அதுல இருக்கிற பொடிப் பூச்சி உள்ள நிக்கும். அதுதான் இதுக்குச் சோறு. நீங்க நாலு மெஷின் வச்சு அந்தச் சோத்தை வடிச்சுக் கொட்டிட்டிருக்கீங்க!"

அவர் விறுவிறுவென்று போய் நான்கையும் அணைத்தார்.

"அய்யோ, போடுங்க மாமா! காத்தும் போயிடும். இந்த வீட்டுல வச்சு இதைக் காப்பாத்த முடியாது. ஆத்துலயும் விடக்கூடாது, இது நம்ம ஆத்து மீன் இல்ல. என் பெரிய குட்டைக்குக் கொண்டுபோயிடலாம். ஆனா முக்கா மணி நேரம் ஆகும். நீந்திகிட்டே இருந்தாத்தான் இதுக்கு மூச்சு. நின்னா போச்சு."

தையல்காரி பேச்சுக்கு நிற்கவில்லை. அளவு நாடாவைக் கண்ணாடிமேல் வைத்துக் கரண்டியை அளந்தாள். மழைக்கோட்டுத் துணியில், இரண்டு பக்கமும் திறந்த தூளி ஒன்றைப் பத்து நிமிடத்தில் தைத்துவிட்டாள். மூக்குக்கென்று ஒரு சாண் கூடுதலாக விட்டிருந்தாள்.

தம்பியின் வேனின் பின்பக்கம் பெரிய தண்ணீர்த் தொட்டி; ஓட்டியது அவன். கரண்டி கிடந்த தூளியை அவள் அந்தத் தண்ணீருக்குள் தாங்கிப் பிடித்தாள். அவர் குவளையில் மொண்டு மொண்டு கரண்டியின் வாய்க்குள் தண்ணீர் விட்டார். செவுள் திறந்தது, மூடியது. பாதி வழியில் ரயில்வே கேட் மூடிக் கிடந்தது.

"எவ்ளோ நேரம்டா?"

"சரக்கு வண்டி, அக்கா. பெட்டி வந்துகிட்டே இருக்கு."

வேனுக்குள் வெயில் காய்ந்தது. அவர் கை ஓயாமல் ஊற்றியது. செவுள் திறந்தது. பிறகு திறக்கவில்லை.

"ஏங்க!"

குவளையைத் தூக்கி எறிந்தார். தூளியின் முன்முனையைப் பிடித்து, தொட்டியின் நீளத்துக்கு முன்னால் இழுத்தார். பின்முனைக்குத் தூக்கிக்கொண்டு போய் மறுபடியும் அங்கிருந்து இழுத்தார். தண்ணீர் அவள் மடியெல்லாம் அடித்தது. மூன்றாவது இழுப்பில் ஒன்றுமில்லை. ஐந்தாவதில் செவுள் ஓரம் துடித்தது.

"இழுங்க, நிறுத்தாதீங்க!" என்று அழுதபடியே கத்தினாள். கேட் திறந்தது.

குட்டைக்கரையில் இறங்கியதும், பழக்கதோஷம், அவர் ஒரு குவளை மொண்டு வெளிச்சத்தில் பிடித்தார். அரைத்த கீரை மாதிரி இருந்தது. நிலையத்தில் இப்படி வந்தால் மணி அடித்து மதகை மூடியிருப்பார்.

"இதுலயா?"

"இதுலதான் மாமா."

அவரே இடுப்பளவுக்கு இறங்கினார். தூளி தளர்ந்தது. கரண்டி அசையாமல் மிதந்து, ஒருபக்கமாகச் சாய்ந்து, பச்சைக்குள் அமிழ்ந்துபோனது. ஒரு சாணுக்குக் கீழே எதுவும் தெரியவில்லை. அத்தனை வருடம் அடிமட்டம்வரை பார்த்துப் பழகிய கண், அந்தத் தண்ணீரை வெறித்துக்கொண்டே நின்றது.

மறுநாள் வேலையிடத்திலிருந்து ஃபோன் செய்தார். "மிதக்குதா?"

"இல்ல மாமா."

"நல்லா பாரு."

"இதுல என்னத்தைப் பாக்க? மிதக்கல. அவ்ளோதான் தெரியும்."

தினமும் அதே கேள்வி, அதே பதில். வீட்டில் தம்ளரும் வெள்ளைத்தாளும் தொடாமல் கிடந்தன. ஒன்பதாம் நாள் அவன் முந்திக்கொண்டு கூப்பிட்டான்.

"மாமா, மூக்கு தெரிஞ்சுது! வாயைப் பொளந்துகிட்டுக் குட்டையைச் சுத்துறான்!"

அவர் ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"மாப்ளே," என்றார், "தண்ணியை மட்டும் சுத்தம் பண்ணிடாதடா."