எந்த மானஸ் கேலஹர்?

அயர்லாந்தின் டனகால் மாவட்டத்தில் தடுக்கி விழுந்தால் ஒரு கேலஹர் மேல்தான் விழவேண்டும். இங்கே வேறெந்தக் குடும்பப் பெயருக்கும் இத்தனை ஆட்கள் கிடையாது. எங்கள் கரையோர ஊரில் தபால்காரர் கேலஹர், பாதிரியார் கேலஹர், சவப்பெட்டி செய்கிறவரும் கேலஹர். அதனால் அந்தப் பெயரை வைத்து யாரும் யாரையும் அடையாளம் கண்டுகொள்வதில்லை. அப்பா பெயரையோ அம்மா பெயரையோ பின்னால் ஒட்டிக்கொள்வோம்.

என் கணவர் மானஸ் கேலஹர், எடியின் மகன். ஆகவே மானஸ் எடி. எங்களுக்கு மேலே, மேட்டு வீட்டில் இருப்பவரும் மானஸ் கேலஹர்தான். தகப்பன் சீக்கிரம் போய்விட, ரோஷ் என்ற தாய் தனியாளாக வளர்த்த பிள்ளை. ஆகவே மானஸ் ரோஷ். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது, ஒரே மாதிரி பழுப்புத் தாடி. இருவருக்கும் நண்டுப் படகு. எங்களுடையது நீலம், அவர்களுடையது சிவப்பு. சொந்தமா என்று கேட்டால், எங்கேயோ ஏழெட்டுத் தலைமுறைக்கு அப்பால் இருக்கலாம். யாரும் தேடிப் பார்த்ததில்லை.

இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்று வருடங்கள் ஆகியிருந்தன. மானஸ் ரோஷ் குடித்துவிட்டுக் கார் ஓட்டிப் பிடிபட்டார். உள்ளூர்ப் பத்திரிகையில் ‘மீனவர் மானஸ் கேலஹரின் ஓட்டுநர் உரிமம் ரத்து’ என்று வந்தது. அந்தச் சமயம் பார்த்து என் கணவர், பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டும் வேலைக்குக் கேட்டிருந்தார். கடலை விட்டுவிடலாம் என்ற எண்ணம் அவருக்கே வந்திருந்த காலம் அது. வேலை கிடைக்கவில்லை. ஏன் என்று யாரும் சொல்லவும் இல்லை.

நான் மேட்டு வீட்டுக்குப் போய் சேடியிடம், அதாவது மானஸ் ரோஷின் மனைவியிடம், “அது உன் வீட்டுக்காரர்தான்னு பத்திரிகைல ஒரு வரி போடச் சொல்லேன்” என்றேன்.

“அதுல என்ன பொய் இருக்கு? மானஸ் கேலஹர்னு போட்டிருக்கான், மானஸ் கேலஹர்தானே? என் மானத்தை நானே தண்டோரா போடணுமா, கேஸி?” என்று கதவைச் சாத்தினாள். அத்தோடு சரி.

இந்த அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை. விடிகாலையில் இரண்டு படகும் நண்டுக் கூண்டு தூக்கப் போயிருந்தன. முற்பகலில் காற்று திடீரென்று திரும்பி வடமேற்கிலிருந்து அடித்தது. சமையலறை ஜன்னல் கண்ணாடி அதிர்ந்துகொண்டே இருந்தது. நான் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தேன். கத்தியை வைப்பேன், ஜன்னலுக்குப் போவேன், கடலைப் பார்ப்பேன், திரும்ப வந்து கத்தியை எடுப்பேன். அப்போது தொலைபேசி அடித்தது. கடலோர மீட்பு நிலையத்திலிருந்து ஒரு பெண் குரல்.

“மானஸ் கேலஹர் வீடுங்களா? நீங்க அவர் மனைவியா? பதறாதீங்கம்மா. படகு மூழ்கிடுச்சு. ஆனா உங்க வீட்டுக்காரர் உயிரோட இருக்கார். ஒரு ஸ்பானிஷ் கப்பல்காரங்க தண்ணியிலேர்ந்து தூக்கியிருக்காங்க. ஹெலிகாப்டர்ல ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறாங்க.”

நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. சிரித்தேன் என்று நினைக்கிறேன். சமையல் ஏப்ரனுக்கு மேலேயே கோட்டை மாட்டிக்கொண்டு காருக்கு ஓடினேன். சாவி கையில் இருக்க, சாவியைத் தேடினேன். உயிரோடு இருக்கிறார், உயிரோடு இருக்கிறார் என்று வாய் முணுமுணுத்தபடி இருந்தது.

காரை வாசலிலிருந்து எடுக்கும்போது படகுத்துறையைக் கவனித்துக்கொள்ளும் பேக்கி, மூச்சிரைக்க எதிரே ஓடிவந்து கார் முன்பக்கத்தில் இரண்டு கையையும் ஊன்றினார்.

“கேஸி, நில்லு! உனக்கு ஃபோன் வந்துச்சா?”

“வந்துச்சு. உயிரோட இருக்கார், பேக்கி!”

அவர் முகத்தில் சந்தோஷம் வரவில்லை. “எந்த மானஸ்?” என்றார். “ரெண்டு படகுமே இன்னும் வரலை. ரெண்டு பேருமே ரேடியோல பதில் சொல்லலை. மூழ்கினது ஒண்ணு. தண்ணியிலேர்ந்து தூக்கின ஆளு பேரை மட்டும்தான் சொல்லியிருக்கான். அப்புறம் மயக்கமாயிட்டான்.”

ஃபோனில் பேசிய பெண் மேல் தவறு சொல்ல முடியாது. அவளுக்கு ஒரு பெயர் வந்தது. பட்டியலில் அந்தப் பெயருக்கு எங்கள் வீட்டுத் தொலைபேசி எண் முதலில் இருந்தது.

நான் இறங்கி, கார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேட்டு வீட்டுப் புகைபோக்கியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. அங்கே இன்னும் யாருக்கும் ஒன்றும் தெரியாது. நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம் என்று ஒரு நொடி தோன்றியது, பொய் சொல்வானேன். பிறகு வண்டியை மேட்டுப் பக்கம் திருப்பினேன்.

சேடி கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். காற்றில் படுக்கை விரிப்பு அவள் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. சண்டைக்காரி இத்தனை வருடம் கழித்து வாசலுக்கு வந்தால் வேறெதற்கு வருவாள்?

“யாரு?” என்றாள்.

“தெரியலை. ஒருத்தர் ஆஸ்பத்திரியில இருக்கார். ஒருத்தரைக் காணோம். வா, போய்ப் பாத்துடலாம்.”

“என் கார் ஒர்க்‌ஷாப்ல இருக்கு.”

“அதான் கூப்பிடறேன்ல. ஏறு.”

கையிலிருந்த துணிக் கவ்விகளோடு ஏறினாள். ஆஸ்பத்திரிக்கு மலை தாண்டிப் போகவேண்டும். சேடி கவ்விகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். டக், டக். எனக்கு அந்தச் சத்தம் நரம்பில் குத்தியது.

“என் வீட்டுக்காரருக்குக் குடல்வால் ஆபரேஷன் தழும்பு இருக்கு” என்றேன். “ஆஸ்பத்திரிக்கு ஃபோன் பண்ணிக் கேளு. வயித்துல தழும்பு இருக்கானு பாக்கச் சொல்லு.”

சேடி எண்ணை அழுத்தினாள். யாரோ எடுத்தார்கள். அவள் விஷயத்தைச் சொன்னாள். “பாத்துட்டு வர்றாங்களாம்” என்றாள். வண்டி மலை வளைவில் ஏறியது. அவள் போனைக் காதில் வைத்தபடியே இருந்தாள், வெகு நேரம்.

“என்ன சொல்றாங்க?”

“சிக்னல் போயிடுச்சு.”

அதன் பிறகு உச்சி தாண்டும்வரை சிக்னல் இல்லை. நடுவழியில் செம்மறி ஆட்டுக்கூட்டம் ஒன்று சாலையில் படுத்துக் கிடந்தது. நான் ஹாரனை விடாமல் அடித்தேன். ஒரு கிழட்டு ஆடு எழுந்து என்னை முறைத்துவிட்டு மறுபடி படுத்தது. சேடி கதவைத் திறந்து இறங்கி, கவ்விகளை அதன் மேல் வீசி, எனக்குத் தெரிந்த எல்லா வசவையும் தெரியாத சிலவற்றையும் கொட்டினாள். ஆடுகள் விலகின. திரும்பி வந்து உட்கார்ந்து கதவை அடித்துச் சாத்தினாள்.

“எனக்குப் பொறந்த வீட்டுலயும் இதே பேருதான்” என்றாள் திடீரென்று. “கல்யாணம் ஆனப்போ கையெழுத்தைக்கூட மாத்திக்கலை. அப்பா பெருமையடிப்பார். அந்தக் காலத்துல கால்ஹோர்னு ஒரு ஆளு இருந்தானாம், அவன் பேருதான் நம்ம பேராம், ராஜ வம்சமாம். ‘கால்’னா அந்நியன், மீதிக்கு உதவினு அர்த்தமாம். அந்நியனுக்கு ஓடி ஓடி உதவி பண்றவங்கம்மா நாமன்னு சொல்லுவார்.”

“பாதிரியார் வேற மாதிரில்ல சொன்னார்? அந்நியன்கிட்ட உதவி வாங்கினவங்கன்னு.”

“எங்கம்மாவும் அதைத்தான் சொல்லுவா. ‘உங்கப்பன் வம்சமாவது, குடுக்கறதாவது’ன்னு.”

வந்த சிரிப்பை இருவருமே இருமலாக்கிவிட்டோம். உச்சியைத் தாண்டியதும் அவள் மடியிலிருந்த போனில் சிக்னல் கோடுகள் வந்தன. நான் அதைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

“வேண்டாம் கேஸி” என்றாள். “இந்த வண்டிக்குள்ள வச்சுத் தெரிய வேண்டாம். ஒருத்தி அழுதா இன்னொருத்தி எங்க போவா?”

நான் வேகத்தைக் கூட்டினேன்.

ஆஸ்பத்திரி வரவேற்பில் இருந்த பெண்ணிடம் இருவரும் ஒரே நேரத்தில் பேசினோம். “மானஸ் கேலஹர்!”

“யாரு நீங்க?”

“மனைவி” என்றேன்.

“நீங்க?”

“மனைவி” என்றாள் சேடி.

அந்தப் பெண் எங்களை மாறி மாறிப் பார்த்தாள். அவள் சட்டையில் குத்தியிருந்த பெயரட்டையிலும் கேலஹர் என்றுதான் இருந்தது. அதனாலோ என்னவோ, அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. எழுந்து வெளியே வந்து சேடியின் தோளைத் தொட்டாள். “டாக்டர் ஒருத்தரைத்தான் உள்ள விடுவார். இன்னும் சரியா நினைவு திரும்பலை. யாராவது ஒருத்தர் போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க.”

“நீ போ” என்றாள் சேடி.

“நீ போ. என்னால முடியாது.”

நிஜமாகவே முடியவில்லை. சேடி சிலுவைக்குறி போட்டுக்கொண்டு அந்த நீண்ட நடைவழியில் போனாள். கதவு சாத்திக்கொண்டது. அவள் வந்து சொல்வாள் என்று நான் சுவரோரம் நின்றேன். பிறகு உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன்.

அவள் வந்து சொல்லத் தேவையிருக்கவில்லை. கதவுக்குள்ளிருந்து அவள் குரல் கேட்டது. “அட நாசமாப் போறவனே! லைஃப் ஜாக்கெட்டை ஏன்டா போடலை? கிறுக்கா உனக்கு? கண்ணைத் திற, என்னைப் பாரு, பாருடா!” திட்டிக்கொண்டே அழுதாள். அப்படி ஒருத்தி தன் புருஷனைத்தான் திட்டமுடியும்.

ஆக, காணாமல் போனவர் என்னுடையவர்.

நடையின் ஓரத்தில் ஒரு பெஞ்சு இருந்தது, அதில் போய் விழுந்தேன். பக்கத்தில் கம்பளி போர்த்திக்கொண்டு ஒருவர் இருந்தார். கறுத்த, குட்டையான மனிதர், ஒரு கை முழுக்கக் கட்டு. அவர் உடம்பிலிருந்து டீசல் வாடையும் மீன் வாடையும் வந்தன. எங்கள் ஆள் இல்லை, ஆனால் கடல் ஆள்.

“ஸ்பானிஷ் கப்பலா?” என்றேன்.

தலையாட்டினார். தன் நெஞ்சைத் தொட்டு “ஷுர்ஷோ” என்று பெயர் சொன்னார். மானஸ் ரோஷைத் தண்ணீரிலிருந்து தூக்கும்போது கை நசுங்கியதாகச் சைகை காட்டினார். அதே ஹெலிகாப்டரில் வந்திருக்கிறார்.

நான் போனை எடுத்து எங்கள் படகின் படத்தைக் காட்டினேன். அவசரத்தில் விரல் பட்டுப் படம் ஓடி ஓடிப் போனது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தி, உற்றுப் பார்த்தார். பார்த்ததும் துள்ளி எழுந்தார். அவர் மொழியில் ஏதேதோ கொட்டினார், எனக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. பிறகு அவரே நிதானித்து, ஜன்னலுக்குப் போய், கண்ணாடியில் ஊதி, நல்ல கை விரலால் வரைந்தார். ஒரு படகு. தண்ணீரில் ஒரு தலை. படகிலிருந்து தலையை நோக்கி ஒரு கயிறு. பிறகு அந்தக் கயிறு படகின் பின்னால் சுற்றிச் சுற்றிப் போவதை வரைந்து, விரலை விசிறி போலச் சுழற்றி, சட்டென்று நிறுத்தினார்.

எனக்குப் புரிந்தது. என் மனுஷன் தண்ணீரில் கிடந்தவருக்குக் கயிறு வீசியிருக்கிறார். கயிறு எங்கள் படகின் அடியிலிருக்கும் உந்துவிசிறியிலேயே சுற்றிக்கொண்டு இன்ஜின் நின்றுபோயிருக்கிறது. தன் கண்ணையும் ஒற்றை விரலையும் காட்டினார்; கப்பலில் அதைப் பார்த்தது அவர் மட்டும்தான்.

“மூழ்கலையே?” என்றேன். “எந்தப் பக்கம்?”

கடற்கரையை ஒரு கோடாக வரைந்தார். இரண்டு தீவுகளை வைத்தார். படகு மிதந்துபோன திசைக்கான அம்பைத் தெற்கே காட்டாமல், வடக்குத் தீவின் பின்புறமாக வளைத்துப் போட்டார். காற்றைப் பார்த்தால் அப்படி இருக்க முடியாது. ஆனால் நீரோட்டத்தைப் பார்த்தால் இருக்கலாம்.

பேக்கிக்கு அழைத்தேன். “எங்க தேடறாங்க?”

“தெற்கால. காத்து அப்படித்தானே அடிக்குது.”

“வடக்குத் தீவுக்குப் பின்னால போகச் சொல்லுங்க. இன்ஜின் ஓடலை, நீரோட்டத்துல போயிருக்கார்.”

“யாரு சொன்னா?”

“பாத்தவர் சொல்றார். எங்கிட்டக் கேள்வி கேக்காதீங்க பேக்கி, ரேடியோவை எடுங்க!”

அதன் பிறகு எவ்வளவு நேரம் என்று தெரியாது. நடையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். ஷுர்ஷோ என்னோடு கூடவே நடந்தார், கம்பளி தரையில் இழுபட. நர்ஸ் அவரைப் படுக்கைக்குக் கூப்பிட்டாள், போகவில்லை. சேடி வெளியே வந்தாள். அவளும் எங்களோடு நடக்க ஆரம்பித்தாள்.

போன் அடித்தது. பேக்கி கத்தினார். “இருக்கான்! பாறை மேல உக்காந்திருக்கான்! படகு போச்சு, ஆளு இருக்கான். விலா எலும்பு ரெண்டு மூணு போயிருக்கும். வாய் மட்டும் நல்லா இருக்கு, ஏன் இவ்ளோ லேட்டுனு மீட்புப் படகுக்காரங்களைத் திட்டறான்!”

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஷுர்ஷோ என் தலையில் கை வைத்தார். சேடி இன்னும் நடந்துகொண்டே இருந்தாள், நிறுத்தத் தெரியாதவள் மாதிரி.

மாலையில் என் கணவரையும் மானஸ் ரோஷின் வார்டுக்கே கொண்டுவந்தார்கள். அடுத்தடுத்த படுக்கை. இரண்டு பேரும் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்கள்.

“கயிறு சரியா விழலை” என்றார் என் கணவர்.

“ஆமா, விழலை” என்றார் மானஸ் ரோஷ்.

அவ்வளவுதான் பேச்சு. மருந்து மாறிவிடக்கூடாதென்று நர்ஸ் ஒரு படுக்கையில் ‘எடி’ என்றும் மற்றதில் ‘ரோஷ்’ என்றும் பெரிதாக எழுதி ஒட்டிவிட்டுப் போனாள்.

ஷுர்ஷோவின் கப்பல் அந்த வாரம் அவரை ஏற்றிக்கொள்ளத் துறைமுகத்துக்கு வருவதாகச் செய்தி வந்தது. சேடி உலர்பழக் கேக் ஒன்று செய்தாள். நான் காரை எடுத்தேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கப்பல் துறைமுகத்தை விட்டு வெகுதூரம் போயிருந்தது. கண்ணுக்கு ஒரு புள்ளியாகத்தான் தெரிந்தது.

“கப்பல் பன்னெண்டு மணிக்குத்தான் கிளம்பும்னுதானே சொன்னே?” என்றேன்.

“நான் எங்க சொன்னேன்? நீதான் கண்ணாடி முன்னாடி ஒரு மணி நேரம் நின்னே.”

“நானா? கேக் வேகலை வேகலைன்னு அடுப்பைத் திறந்து திறந்து பாத்தது யாரு?”

மழை பிடித்துக்கொண்டது. காருக்குள் உட்கார்ந்து, கேக்கைக் கையாலேயே பிய்த்துத் தின்றபடி, அந்தப் புள்ளி மறையும்வரை சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். நடுவில் கொஞ்சம் வேகாமல்தான் இருந்தது.